தீம் பார்க் பண்டிகை விழாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி, ஒளி அமைக்கிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். தீம் பார்க்குக்குப் போனால் எல்லாரும் ரோலர் கோஸ்டரைப் பார்ப்பார்கள்; நான் விளக்கு எங்கே தொங்குகிறது, ஸ்பீக்கரை எந்தச் செடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிநாடு போகிற சொந்தக்காரர்கள், நிகழ்ச்சி மேலாண்மை படிக்கிற பிள்ளைகள், எங்கள் குடியிருப்பின் விழாக் குழுவினர் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

இத்தனை கோடி போட்டு ரைடு கட்டியிருக்கிறார்களே, அப்புறம் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று விழா எதற்கு?

ரைடைக் கட்டினால் இருபது, முப்பது வருடம் அதே ரைடுதான். ஒருமுறை ஏறியவர் அடுத்த வருடம் "அதான் பார்த்தாச்சே" என்பார். வருடா வருடம் மாற்றக்கூடியவை விளக்கு, பாட்டு, சாப்பாடு, ஆட்கள் ஆகிய நான்குதான்.

இன்னொரு காரணம் காலண்டர். அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதமே பல ஊர்களில் பள்ளி திறந்துவிடும். செப்டம்பரில் பார்க் காலியாகக் கிடக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இயந்திரங்களைப் பராமரிக்கத்தானே வேண்டும்? அந்த மந்தமான வாரங்களை நிரப்பத்தான், பேய் வேஷமும் பூசணிக்காய் அலங்காரமுமாகக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகை வந்தது. நம்ம ஊர் ஆடித் தள்ளுபடியின் கதைதான் இது. கல்யாணம் காட்சி இல்லாத மாதம், வியாபாரம் படுத்துவிடும் என்று ஆரம்பித்த தள்ளுபடி, கடைசியில் ஆடி என்றாலே துணிக்கடை என்று ஆக்கிவிட்டது. அதே போல, அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீனுக்கு, ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் ஆகஸ்ட் மாதமே தனி விருந்து இரவுகளைத் தொடங்கிவிடுகிறது. வெயில் மண்டையைப் பிளக்கும்போது பூசணிக்காய் தோரணம்!

யார் முதலில் ஆரம்பித்தது?

பேய் வேஷத்தில் ஆட்கள் வந்து பயமுறுத்தும் பேய் இரவுகளைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவின் பூனா பார்க்கில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்மைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தின் கதையே சுவாரஸ்யமானது. அது முதலில் பெர்ரிப் பழத் தோட்டம். 1934-இல் தோட்டக்காரர் வால்டர் நாட்டின் மனைவி கார்டீலியா, கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்துக் கோழி வறுவல் சாப்பாடு போட ஆரம்பித்தார். கூட்டம் அலைமோதியது. மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று வால்டர் 1940-இலிருந்து பழைய மேற்கத்திய ஊர் ஒன்றைப் பக்கத்திலேயே எழுப்பினார். அதற்கு கோஸ்ட் டவுன் என்று பெயர். ஆக, சாப்பாட்டுக்கு நின்ற வரிசையிலிருந்து பிறந்த பார்க் அது. கியூவில் நிற்பவரைச் சும்மா நிற்க விடாதே என்பதுதான் இன்றைக்கும் இந்தத் தொழிலின் பாலபாடம்.

1973 அக்டோபரில் மூன்றே மூன்று இரவுகளுக்கு அங்கே ஹாலோவீன் கொண்டாடினார்கள். சுரங்க ரயில் ரைடை வடிவமைத்து நடத்தி வந்த பட் ஹர்ல்பட் என்பவர், அலங்காரம் மட்டும் போதாது என்று தானே கொரில்லா உடையை மாட்டிக்கொண்டு ரயிலில் வந்தவர்கள் மேல் பாய்ந்து அலற வைத்தார் என்று சொல்வார்கள். பொம்மையைவிட ஆள் பாய்ந்தால்தான் பயம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஃபுளோரிடாவின் ஆர்லண்டோவில் இருக்கும் யுனிவர்சல் பார்க் 1991-இல் இதே போல மூன்று இரவுகளோடு தொடங்கியது. இன்று எல்லாரும் சொல்லும் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற பெயர் அடுத்த வருடம் வைத்தது.

கிறிஸ்துமஸ் விழா?

கோபன்ஹேகனின் டிவோலி 1843-இல் திறந்த பூங்கா. அடுத்த வருடமே சிறுவர்களின் காவல் அணி ஒன்றை ஏற்படுத்தினார்கள். அரண்மனைக் காவலர்களைப் போல உடுத்தி வாத்தியம் வாசித்துக்கொண்டு அணிவகுக்கும் அது இன்னும் இருக்கிறது. 1874-இல் கட்டிய மௌன நாடக அரங்கின் திரை, மயில் தோகை வடிவில் மடங்கி விரியும். கலை நிகழ்ச்சிக்கு அங்கே குறைவே இல்லை. ஆனால் 150 வருடம் கோடைக்கு மட்டுமே திறந்திருந்த இடம் அது. கிறிஸ்துமஸ் சந்தை 1994-இல்தான் தொடங்கியது, ஹாலோவீன் 2006-இல். டென்மார்க்கின் ராணியாக இருந்த மார்கரெத்தே, டிவோலி அரங்கில் நடந்த, கிறிஸ்துமஸ் கதையான நட்கிராக்கர் பாலே நடனத்துக்குத் தாமே உடையும் காட்சி அமைப்பும் வரைந்து கொடுத்தார் என்றால், இந்தக் குளிர்கால நிகழ்ச்சியை அங்கே எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் மெழுகுவர்த்தி ஏந்திய பாடகர் குழுவின் ஊர்வலம் 1958-இலிருந்து நடக்கிறது. பார்க் திறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

பழைய ரைடையே விழாவுக்காக மாற்றுவார்களா?

மாற்றுவார்கள். டிஸ்னிலேண்டின் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடுக்கு 2001-இலிருந்து வருடா வருடம் வேறு வேஷம் போடுகிறார்கள். கோடைக் கடைசியில் சில வாரம் மூடி, தண்டவாளத்தையும் வண்டியையும் தொடாமல் பொம்மை, விளக்கு, இசையை மட்டும் மாற்றுவார்கள். ஹாலோவீனையும் கிறிஸ்துமஸையும் சேர்த்த கரு என்பதால் ஒரே அலங்காரம் ஜனவரி வரை ஓடிவிடும். இரண்டு பண்டிகைக்கு ஒரே செலவு, கெட்டிக்காரத்தனம்தான். உள்ளே விருந்து மண்டபத்து மேசையில் இஞ்சி ரொட்டியில் ஒரு வீடு நிற்கும். அதன் வடிவம் ஒவ்வொரு வருடமும் வேறு. இந்த வருடம் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு.

பேய் வீட்டுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வாசலில் நிற்கும் ஊழியர் 3 விநாடிக்கு ஒருவர் வீதம் உள்ளே விட்டால் மணிக்கு 1,200 பேர். உள்ளே நடக்க 5 நிமிடம் பிடிக்கும் என்றால் எந்த நேரமும் நூறு பேர் உள்ளே ஊர்ந்துகொண்டிருப்பார்கள். ஒரு பேய், 15 விநாடிக்கு ஒருமுறை பாய்ந்து, மறுபடி ஒளிந்து, தயாராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் ஐந்து பேர் கடந்துவிடுவார்கள். அதாவது ஐந்தில் ஒருவருக்குத்தான் முழுப் பயம். பின்னால் வருபவருக்கு "ஓ, அங்கே ஓர் ஆள் இருக்கிறான்" என்று தெரிந்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் ஒரே அறையில் இரண்டு மூன்று பேரை வெவ்வேறு இடத்தில் ஒளித்து வைக்கிறார்கள். முதல் ஆளிடம் தப்பித்தவர் இரண்டாவது ஆளிடம் மாட்டுவார்.

அடுத்தது கண்ணை ஏமாற்றுவது. அறைக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு பொம்மை துடிக்கும், அதன் மேல் விளக்கு விட்டு விட்டு எரியும். உங்கள் கண் அங்கே போகும். வலது பக்கம், சாதாரணச் சுவர் என்று நீங்கள் நினைத்த இடத்தில் ஒரு பலகை படாரென்று கீழே விழும், அதன் பின்னால் ஒரு முகம். பலகை விழும் நேரத்தில் காலடியில் இருக்கும் பொத்தானை நடிகர் மிதிப்பார். ஸ்பீக்கரிலிருந்து அலறல் வரும். அந்த அலறல் அவருடையது இல்லை, பதிவு செய்தது. மணிக்கு 240 தடவை சொந்தக் குரலில் கத்தினால் இரண்டாம் நாளே தொண்டை போய்விடும். இரவு முழுக்க ஒரே ஆளால் முடியாது என்பதால் இரண்டு குழுக்கள் மாறி மாறி நிற்பதும் உண்டு.

வீட்டுக்கு வெளியே, தெருவில் திரியும் பேய்களின் வேலை வேறு மாதிரி. நாட்ஸில் சிலர் முழங்காலில் கனத்த பட்டை, கையில் உலோகம் பதித்த கையுறை மாட்டிக்கொண்டு, ஓடி வந்து உங்கள் காலடியில் சறுக்கி நிற்பார்கள். உலோகம் தரையில் உரசும்போது கிர்ரென்ற சத்தமும் தீப்பொறியும் ஒன்றாக வரும். புகை மூட்டத்துக்குள் முதலில் சத்தம்தான் கேட்கும், ஆள் எந்தப் பக்கம் என்று தெரியாது.

உள்ளே போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முன்னால் போகும் கும்பலோடு ஒட்டாமல் நாலடி இடைவெளி விட்டு நடங்கள். காசுக்குத் தகுந்த பயம் கிடைக்கும்.

பேய்கள் நம்மைத் தொடுமா?

பெரிய பார்க்குகளில் தொடக் கூடாது என்பது விதி. நீங்களும் தொடக் கூடாது. பயத்தில் கை ஓங்குகிறவர்கள் உண்டு. பேயாக நிற்பவர்களுக்கு உண்மையான ஆபத்து அதுதான்.

இந்த வேஷம் போடுகிறவர்கள் யார்? முழுநேரக் கலைஞர்களா?

பெரும்பாலோர் அந்தப் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படுபவர்கள். தேர்வு நடத்தி எடுப்பார்கள். பகலில் வேறு வேலை, படிப்பு, இரவில் பிணம். அணிவகுப்பில் ஆடுகிறவர்கள், சாகசம் செய்கிறவர்கள், பாடகர்கள் பயிற்சி பெற்ற தொழில்முறைக் கலைஞர்கள்.

பொம்மை உடைக்குள் நிற்பதை எளிதான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் கரடி வேஷக்காரர் வராமல் போக, ஒலிபெருக்கி மேசையிலிருந்து என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். தலைக்குள் போன தடவை போட்டவரின் வியர்வை நாற்றம். வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும்; அதுவும் நேராக மட்டும், கீழே நிற்கும் குழந்தை தெரியாது. பத்து நிமிடத்தில் கண்ணுக்குள் வியர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை, கரடிக் கைதான் இருந்தது. ஒரு பையன் வாலைப் பிடித்து இழுத்தபடியே மேடை வரை வந்தான். பெரிய பார்க்குகளில் இப்படிப்பட்ட உடையோடு வருபவர் பக்கத்தில் எப்போதும் ஒரு துணையாள் இருப்பார். வரிசையை ஒழுங்கு செய்வது, நேரம் பார்ப்பது, "கரடிக்குப் பசிக்கிறதாம், சாப்பிட்டுவிட்டு வரும்" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போவது எல்லாம் அவர் வேலை. அந்த விழாவில் எனக்கு அப்படி யாரும் இல்லை.

நெருப்பு, புகை, இருட்டு… பாதுகாப்பு எப்படி?

இன்றைய விதிகளுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1984 மே 11 அன்று நியூஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பார்க்கின் ஹான்டட் காசில் என்ற பேய்க் கோட்டையில் தீப்பிடித்து எட்டு இளவயதினர் இறந்தார்கள். லாரிப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிய கூடம் அது. உள்ளே ஃபோம் பஞ்சு. தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. இருட்டில் வழி பார்க்க ஒருவர் கொளுத்திய சிகரெட் லைட்டரிலிருந்து தீ பரவியதாக விசாரணையில் சொல்லப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: பேய் வீடு என்றாலே வழி தெரியாமல் திணற வைப்பதற்காகக் கட்டுவதுதான். தீ என்று வந்துவிட்டால் அதே திணறல் உயிரை எடுக்கும்.

அதற்கு அப்புறம் அமெரிக்கக் கட்டட விதிகளில் இப்படிப்பட்ட கூடங்களுக்குத் தனிப் பிரிவே வந்தது. தண்ணீர் தெளிப்பான் கட்டாயம். புகையை உணர்ந்ததும் விளக்குகள் எரிய வேண்டும், பயமுறுத்தும் ஒலி நின்றுவிட வேண்டும். கடைசி இரண்டும் எனக்கு மிகப் பிடித்த விதிகள். ஒலி, ஒளி ஆளாகச் சொல்கிறேன்: கூட்டத்துக்குத் தப்பிக்கும் வழியைக் காட்டுவதில் பாதி வேலை, ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தை நிறுத்துவதுதான்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நெருப்பு நெருப்புதான். டிஸ்னிலேண்டின் ஃபான்டாஸ்மிக் என்ற இரவுக் காட்சி 1992-இலிருந்து நடப்பது. தண்ணீர்த் திரையில் படம், படகு, வாணவேடிக்கை, நெருப்பு எல்லாம் உண்டு. 2023 ஏப்ரல் 22 இரவு, காட்சிக்கு நடுவே சுமார் 45 அடி உயர டிராகன் பொம்மை நெருப்பைக் கக்குவதற்குப் பதில் தானே பற்றி எரிந்தது. பார்வையாளர்களை வெளியேற்றினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்து, 2024 மே மாதம் டிராகன் இல்லாமலே மறுபடி தொடங்கினார்கள்.

மழை வந்தால்?

சாதாரண மழைக்கு மேடை நிகழ்ச்சியை நிறுத்துவார்கள், அணிவகுப்பைச் சுருக்குவார்கள். விளக்கு ஜோடித்த அலங்கார ஊர்தி ஈரத்தில் ஓடக் கூடாது. ஆடுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். ஆர்லண்டோவில் மழை நாளுக்கென்று குட்டி அணிவகுப்பு தனியாக வைத்திருக்கிறார்கள்: சில பாத்திரங்கள் மட்டும் வண்டியில் வந்து கையசைத்துவிட்டுப் போகும்.

மழையைவிட வாணவேடிக்கைக்குப் பெரிய எதிரி காற்று. தரையில் இலைகூட அசையாது; மேலே காற்று பலமாக இருந்தால் நெருப்புத் துகள் கூட்டத்தின் மேலோ பக்கத்து வீடுகள் மேலோ வந்து விழும். "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, ஏன் ரத்து?" என்று கத்துகிறவர்களுக்குப் பதில் இதுதான். புகைக்கும் ஒரு வழி கண்டார்கள். வெடிமருந்துக்குப் பதில் அழுத்தக் காற்றால் வாணங்களை மேலே ஏவும் முறையை டிஸ்னிலேண்ட் 2004-இல் கொண்டுவந்தது.

ஹாலோவீன் முடிந்த மறுநாளே கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறதே, எப்படி?

ராத்திரியோடு ராத்திரியாகத்தான். மேஜிக் கிங்டமில் கடைசிப் பார்வையாளர் வெளியேறிய பின் கிரேன், லாரிகளோடு ஆட்கள் உள்ளே வருவார்கள். பூசணிக்காய் இறங்கும், மாலைகள் ஏறும். விடிவதற்குள் முடிந்தாக வேண்டும். மாதக்கணக்கில் எண் போட்டு அடுக்கி வைத்திருப்பதால்தான் இது முடிகிறது. எந்தத் தோரணம் எந்தக் கம்பத்துக்கு என்று எழுதியிருக்கும். கோயில் திருவிழாவுக்குச் சீரியல் செட் போடும் மின் அலங்காரக்காரர்களும் இப்படித்தான் பெட்டி மேல் எழுதி வைப்பார்கள்.

அங்கே பொழியும் பனி சோப்பு நுரை. கூரை மேல் ஒளித்து வைத்த கருவி ஊதித் தள்ளுகிறது. குழந்தைகள் வாயைத் திறந்து பிடிப்பார்கள், அப்புறம் முகத்தைச் சுளிப்பார்கள்.

சாதாரண டிக்கெட்டில் இதெல்லாம் பார்க்கலாமா?

அலங்காரம், பகல் அணிவகுப்பு, சிறு இசை நிகழ்ச்சி பெரும்பாலும் அதே டிக்கெட்டில். பேய் இரவுகளுக்கும் டிஸ்னியின் விருந்து இரவுகளுக்கும் தனி டிக்கெட். பகல் டிக்கெட்காரர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, இரவுக்கு வேறு கூட்டத்தை விடுவார்கள். ஒரே நாளை இரண்டு முறை விற்பது என்று கோபப்படலாம். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் ரைடுகளுக்கு வரிசை குறைவு என்பது டிஸ்னி விருந்துகளில் ஓரளவு உண்மை. அக்டோபர் சனிக்கிழமைப் பேய் இரவில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். செவ்வாய், புதன், வியாழனில் இரவு இருந்தால் அதை எடுங்கள்.

நமக்குப் பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?

சிங்கப்பூர், செந்தோசா. அங்குள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 2011-இலிருந்து ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடத்துகிறது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் நடக்கவில்லை, 2022-இல் திரும்பியது. இங்கே எனக்குப் பிடித்தது, அமெரிக்கப் பேய்களை மட்டும் இறக்குமதி செய்யாமல் உள்ளூர்ப் பேய்களையும் சேர்த்ததுதான். 2015-இல் அந்த ஊர் மெட்ரோவான எம்ஆர்டி ரயிலைக் கருவாக வைத்து ஒரு பேய் வீடு. 2018-இல் பொந்தியானாக் பெயரில் ஒன்று. பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி என்று மலாய் மக்கள் சொல்லும் பேய் அது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குப் பாட்டி சொன்ன கதையாகவே தெரிந்திருக்கும். தினம் ஏறி இறங்கும் ரயிலில் பிணம் எழுந்து நின்றால் வரும் பயம், எங்கோ இருக்கும் ஐரோப்பியக் கோட்டையில் வராது.

பத்து வயதுப் பிள்ளையைப் பேய் இரவுக்குக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். இவை பதின்வயதினருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான் என்று பார்க்குகளே சொல்கின்றன. நாட்ஸில் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று அறிவிக்கிறார்கள். முகமூடி, வேஷம் போட்டு வரவும் அனுமதி இல்லை. எது பேய், எது டிக்கெட் வாங்கிய ஆள் என்று தெரியாமல் போகுமே! சின்னப் பிள்ளைகளுக்கு டிஸ்னியின் ஹாலோவீன் விருந்துதான் சரி. அங்கே எல்லாரும் வேஷம் போட்டு வந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு போகலாம்.

தீபாவளியைக் கொண்டாடுகிறார்களா?

டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பார்க்கின் ஆண்டிறுதி விழாவில் தீபாவளிக்கும் இடம் உண்டு. ஆனால் பாலிவுட் நடனம்தான் அதன் முகம். அதிகாலை எண்ணெய்க் குளியலையும் தீபாவளி லேகியத்தையும் யாரும் மேடையேற்றவில்லை, நல்லவேளை.

நம்ம ஊரில் இந்த மாதிரி எதுவும் இல்லையா?

பெயர்தான் வேறு. சென்னை தீவுத்திடல் பொருட்காட்சி பொங்கலை ஒட்டி வரும் பருவ விழாதானே? ராட்டினம், டெல்லி அப்பளம், மேடையில் ஆட்டம் பாட்டு. நடிப்புக் கலை என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. வாசலின் சிலை மனிதரைச் சொல்வேன். காவலாளி உடையில் அசையாமல் நிற்பார். சிரிக்க வைக்க முகத்துக்கு நேரே என்னென்னவோ சேட்டை செய்வோம். இயந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள் ரைடை மறந்திருப்பார்கள், அவரை மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் குடியிருப்பில் சின்னதாக ஒரு பேய் வீடு போடலாமா?

தாராளமாக. கறுப்புத் துணி, பழைய சேலை, இரண்டு ஸ்பீக்கர், நாலு குறும்புக்காரப் பிள்ளைகள் போதும். ஆனால் சிலவற்றில் பிடிவாதமாக இருங்கள். மெழுகுவர்த்தி, விளக்கு, ஊதுபத்தி எதுவும் உள்ளே கூடாது. பேட்டரி விளக்கு மட்டும். சுவருக்குத் தெர்மாக்கோல் வேண்டவே வேண்டாம். போக ஒரு வழி, வர ஒரு வழி, இரண்டும் பூட்டாமல். தரையில் வயர் குறுக்கே போகக் கூடாது. போனால் டேப் ஒட்டுங்கள். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் உள்ளே விடாதீர்கள்.

அப்புறம், எல்லா விளக்கையும் எரியவைத்து, பாட்டை நிறுத்த ஒரே ஸ்விட்ச். அதன் பக்கத்தில் வேஷம் போடாத, பதறாத ஒருவர் கடைசி வரை நிற்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரை நிறுத்தினோம். முன்னதாக அவருடைய மொபைலை வாங்கி வைத்துக்கொண்டோம்.